குழந்தைகளைப் படம் பிடித்த அம்மையார்

சென்ற விடுமுறையில் பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளை முன்னிட்டு நாங்கள் குடும்பத்தோடு போட்டோ எடுக்கச் சென்றோம். அம்மா தம்பிக்குப் படிய வாரி, பவுடர் பூசி, புதுச் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டுக் கூட்டி வந்திருந்தார். விளக்கு எரிந்ததும் அவன் வீறிட்டழுதான். நொடியில் முடியும் வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட அசையாதிருக்க வேண்டிய காலத்தில், சிறுபிள்ளைகளையே தேடித் தேடிப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் அப்போது என் நினைவுக்கு வந்தார்.

அவர் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். 1838இல் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவில் வரும் கேமரன் இவரேதான். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. பின்னர் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்ற ஊரில் குடியேறியது. கவிஞர் டென்னிசன் பக்கத்து வீட்டுக்காரர். அம்மையார் தாம் பெற்ற பிள்ளைகளோடு, தாய் தந்தையற்ற உறவுக் குழந்தைகளையும் வளர்த்தார்.

1863 டிசம்பரில் மகள் ஜூலியாவும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்து, கணவரும் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கச் சென்றிருந்த வேளையில், தனிமையில் பொழுதுபோகட்டும் என்பதே அவர்கள் எண்ணம். அம்மையாருக்கு அப்போது வயது 48. அந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கி அதில் பெயரெடுத்தவர்கள் எத்தனை பேர்?

கோழிக்கூண்டைக் காலி செய்து கண்ணாடி அறையாக்கினார். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. அந்நாளில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டால் தோல் கறுத்துவிடும் என்பது வேதியியல் படிக்கும் எங்களுக்குத் தெரியும். அம்மையாரின் கைகளும் உடைகளும் எப்போதும் கறையாகவே இருந்தனவாம். முதலில் ஒரு விவசாயிக்குக் கூலி கொடுத்து உட்கார வைத்து எடுத்த படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்.

அடுத்து இரண்டு குழந்தைகளைச் சேர்த்து எடுத்தார். படம் நன்றாக அமையவிருந்த சமயத்தில் ஒரு குழந்தை சிரித்துவிட்டது. தகடு பாழ். பிறகு ஆனி என்ற சிறுமியைத் தனியாக அமர்த்தினார். நீ அசைந்தால் மருந்தும் என் உழைப்பும் வீணாகிவிடும் என்று பெரியவர்களிடம் சொல்வதுபோலவே அவளிடம் எடுத்துச் சொன்னார். ஆனி அசையவில்லை! 1864 ஜனவரியில் எடுத்த அந்தப் படத்தையே தம் முதல் வெற்றி என்று அவர் குறித்து வைத்தார். மகிழ்ச்சியில் வீடெல்லாம் தேடி அவளுக்குப் பரிசுகள் கொடுத்தாராம். தம்பியிடம் நாங்கள் யாரும் இப்படிப் பேசிப் பார்க்கவில்லை. மிட்டாயைக் காட்டினோம், அதட்டினோம், அவ்வளவுதான்.

அக்காலப் படக்கூடங்களில் தலை ஆடாதபடி பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். அதனால் பல குடும்பப் படங்களில் பிள்ளைகள் பொம்மைபோல் விறைத்து நிற்கிறார்கள். அம்மையாரின் படங்களில் அந்த விறைப்பு இல்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, சாதாரணத் துணியைப் போர்த்தி, முகத்துக்கு மிக அருகில் காமிராவை வைப்பார். சற்றே அசைவு பதிந்தாலும் தள்ளிவிட மாட்டார். புகைப்படச் சங்கத்தார் இதைத் தெளிவில்லாத வேலை என்று கண்டித்தனர். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த மங்கல்தான் பிடித்திருக்கிறது.

வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாகவும், ஊர்க் குழந்தைகளைக் குழந்தை இயேசுவாகவும் அமர்த்தி, தூய ஆவியின் கனிகள் என்று ஒன்பது படங்கள் எடுத்தார். இரண்டேகால் வயதுப் பேரன் ஆர்ச்சியை 1865இல் எடுத்தபோது மட்டும் சிரமமில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான்! உறவுச் சிறுமிகளின் தோளில் அன்னப்பறவையின் சிறகுகளைக் கட்டி வானதூதர்களாக்கினார். 1872இல் அப்படி எடுத்த ஒரு படத்தில், மோவாயைக் கைகளில் ஊன்றிய சிறுமி எப்போது விடுவார்கள் என்று அலுத்துப்போய்ப் பார்க்கிறாள். அதைக் கண்டால் சிரிப்பு வருகிறது.

காமிரா தந்த மகள் ஜூலியா 1873இல் பிரசவத்தில் இறந்துபோனார். தாய் எடுத்த மகளின் முகம் படங்களில் மட்டும் மிஞ்சியது. குடும்பத்தில் பணமும் குறைந்தது. 1875இல் அம்மையாரும் கணவரும் மகன்கள் இருந்த இலங்கைக்குக் கப்பலேறினர். அங்கே நல்ல தண்ணீரும் மருந்துகளும் கிடைப்பது அரிதானதால் சில படங்களே எடுக்க முடிந்தது. அவற்றில் தோட்டங்களிலும் ஊர்களிலும் வாழ்ந்த எளிய மக்களின் முகங்கள் உள்ளன.

1879 ஜனவரி 26ஆம் நாள் மலைநாட்டுத் தோட்டமொன்றில் அவர் காலமானார். போகவந்தலாவை புனித மேரி ஆலயத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கணவரும் அவர் அருகிலேயே அடக்கமானார்.