கர்நாடகம் என்னும் பெயரில் எழுதியவர்

ஆரணி என்றவுடன் வெளியூராருக்குப் பட்டுப்புடைவையே நினைவிற்கு வரும். அது வேறு ஆரணி. பெரியபாளையத்தை அடுத்துள்ள நம் ஆரணியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பஸ்ஸிலும் சரி, தேநீர்க் கடை வாயிலிலும் சரி, எக்காலத்தும் குறைவின்றிக் கிடைப்பது சினிமாவைப் பற்றிய அபிப்பிராயமே. காலையில் வெளிவந்த படத்திற்கு உச்சிவேளைக்குள் கைப்பேசி வாயிலாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர் நம் மாணவ நண்பர்கள். இதனை வீண் பொழுதுபோக்கென்று வெறுக்கும் பெரியோர் உளர். யாம் அங்ஙனம் வெறுத்திலோம். தெருக்கூத்தை விடிய விடியக் கண்டு, மறுநாள் திண்ணையில் அமர்ந்து துரியோதனன் வேஷத்தின் குற்றங்குறைகளைப் பேசிய பாட்டன்மாரின் வழி வந்தவர்களன்றோ நாம்! ஆயினும், அங்ஙனம் பேசுவதைப் பத்திரிகையில் ஒரு கலையாகவே நடத்திக் காட்டியவர் ஒருவரை நம் மாணவர் நாவலாசிரியராக மட்டுமே அறிந்திருக்கின்றனர். அவரே கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. அவருடைய சரித்திரத்தில் இப்பகுதியையே சிறிது விரித்துக் கூறுவாம்.

மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் கிராமக் கணக்கர். திருச்சிராப்பள்ளியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடியுந் தறுவாயில், 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அழைக்க, பரீட்சையைத் துறந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு சிறை புகுந்தார். பின்னர்த் திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'நவசக்தி'யில் உதவியாசிரியராயிருந்து எழுத்துத் தொழில் பழகினார்; திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் ராஜாஜிக்குத் துணையாக மதுவிலக்குப் பத்திரிகையாகிய 'விமோசன'த்தில் உழைத்தார். 1931-ல் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' ஆசிரியரானார்.

அதே 1931-ல்தான் 'காளிதாஸ்' என்னும் படம் சென்னையில் வெளிவந்து, வெள்ளித்திரை தமிழிலும் வாய் திறந்தது. நாடக மேடையிற் பாடியோர் யாவரும் காமிராவின் முன் பாடத் தொடங்கினர். நடிப்பு இன்னது, பாட்டுக் கச்சேரி இன்னது என்னும் பாகுபாடு பலருக்கு விளங்கவில்லை. வித்துவான் ஒருவரைப் புகழ்தலே மரியாதை, குறை கூறுதல் அபசாரம் என்றிருந்த அந்நாளில், விகடனில் 'ஆடல் பாடல்' என்னும் தலைப்பின் கீழ் ஒருவர் சங்கீதம், நாட்டியம், நாடகம், சினிமா ஆகிய அனைத்தையும் தராசில் நிறுத்தார். அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'கர்நாடகம்.' இசைக்கு வழங்கும் பெயர் அது. பழம்பசலி ஆசாமியையும் உலகோர் அச்சொல்லாலேயே எள்ளுவர். பிறர் எள்ளுமுன் தம்மைத் தாமே எள்ளிக்கொண்டவனை மடக்குதல் எளிதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் கைக்கொண்ட துணிவுக்கு 'பக்த நந்தனார்' பட விஷயம் ஒன்றே சாலும். 1933-ல் கணவர் கிட்டப்பாவை இழந்து கலையுலகினின்றும் ஒதுங்கியிருந்த கே. பி. சுந்தராம்பாளை, ஒரு லக்ஷம் ரூபாய் ஊதியமாகத் தந்து நந்தன் வேடமிட்டு நடிக்கச் செய்தனர். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1935-ல் ஒரு லக்ஷம் என்பது செவியுற்றோர் மயங்கும் தொகை! ஊர் முழுதும் அத்தொகையைப் பற்றியே பேசிற்று. படத்தைக் கண்ட கர்நாடகமோ, அதில் நடிப்பிற் சிறந்தவை மரமும் எருமையும் ஆடுமே என்னும் கருத்துப்பட எழுதிவிட்டார். இதனை வெறும் கேலியென்று கொள்ளுதல் பிழை. காமிராவின் முன் இயல்பாய் நின்றவை அவையே என்பதும், குரல் எத்துணை உயர்ந்ததாயினும் குரலே நடிப்பாகாது என்பதும் அக்கேலியின் உட்பொருள். பத்துப் பக்கம் தர்க்கம் செய்தாலும் இத்துணைத் தெளிவாக விளங்கியிராது. அம்மையாரின் துயரை நினைந்த அன்பர்க்கு அது கொடுமையாகத் தோன்றியிருக்கலாம். எமக்கும் சிறிது உறுத்துகின்றது. ஆனால் அனுதாபத்தை அளவுகோலாகக் கொள்ளும் விமர்சகன் எவருக்கும் பயன்படான்.

அவரது தராசு எப்பொழுதும் நேராக நின்றதென்று யாம் சாதிக்கவில்லை. பாரதியாரை மகாகவியென்று சொல்லலாமா என்னும் வாதம் எழுந்தபோது அவர் மறுத்துரைத்த பக்ஷத்தில் நின்றார். மணிக்கொடிக் குழுவினர் வெகுண்டெழுந்து விடையிறுத்தனர். அவ்வாதத்தின் பயனாகக் கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் 'கண்ணன் என் கவி' என்னும் நூலையே எழுதினர். காலம் எதிர்ப்பக்ஷத்திற்கே தீர்ப்பளித்தது. எனினும் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுவதற்கு முன்னின்று உழைத்தவரும், 1947-ல் அது திறக்கப்படக் கண்டு மகிழ்ந்தவரும் இவரே.

இனி, யாம் பெரிதும் கருதும் இடத்திற்கு வருகின்றோம். பிறர் படங்களுக்குத் தீர்ப்புக் கூறியவர் தாமும் படத்துறையில் கால் வைத்தார். 'தியாக பூமி' நாவல் விகடனில் வெளிவந்தபொழுதே கே. சுப்பிரமணியம் அதனைப் படமாக்கினார். தொடர்கதைக்குச் சித்திரங்களாகப் படப்பிடிப்பின் புகைப்படங்களே அச்சிடப்பட்டன. கதையும் விளம்பரமும் ஒரே பக்கத்தில்! பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ். டி. சுப்புலக்ஷ்மி சாவித்திரியாகவும் தோன்றினர். கணவனோடு வாழ மறுத்துத் தானே அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் கூறும் பெண்ணை 1939-ல் திரையில் நிறுத்துதல் சிறிய காரியமன்று. காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பின்னர், 1940-ல் அரசாங்கம் அப்படத்தைத் தடை செய்தது.

அக்காலத்தில் வாசனும் ஜெமினி ஸ்டூடியோவுக்கு அதிபதியானார். 1941-ல் கல்கி விகடனை விட்டு விலகி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் டி. சதாசிவத்துடன் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதலைத் தேட, சதாசிவத்தின் மனைவியார் எம். எஸ். சுப்புலக்ஷ்மி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். 1945-ல் அவர் நடித்த 'மீரா'வுக்குக் கல்கி பாட்டும் எழுதினார். அவற்றுள் ஒன்று எண்பது ஆண்டு கழிந்தும் நம் இல்லங்களில் ஒலிக்கின்றது.

ஒரு நடிகையின் ஊதியத்தால் எழுந்த பத்திரிகையின் ஆசிரியர் அந்நடிகையின் படத்தை எவ்வாறு நிறுத்தல் கூடும்? எம்.எஸ். அம்மையார் பாடலில் குறை காண்பது அரிதென்பது மெய்யே. ஆயினும் நந்தனாரைக் கண்ட கண் வேறு, மீராவைக் கண்ட கண் வேறு என்பதே எமது துணிபு. அன்பு விமர்சனத்தைக் கெடுப்பதில்லை, கடன் கெடுக்கும். அதே சமயம், கடன் எதுவும் தடுக்காத இடத்தில் அவர் பேனா மழுங்கவில்லை என்பதையும் கூறல் வேண்டும். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டிற்கு உரிய இடம் வேண்டுமென்று அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் கிளர்ச்சி செய்தபோது, சங்கீத உலகின் பெரிய மனிதர் பலருடைய வெறுப்பையும் தாங்கித் தமிழிசையின் பக்கம் நின்று இடைவிடாது எழுதினார். சபைகளின் முன்வரிசையில் தமக்கிருந்த நாற்காலியைப் பணயம் வைத்தே அவ்வெழுத்தை எழுதினாரென்று சொல்லலாம்.

1954 டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். 'அலை ஓசை'க்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு வந்தது 1956-ல், பெறுவதற்கு அவரில்லை. 'கள்வனின் காதலி' 1955-லும், 'பார்த்திபன் கனவு' 1960-லும் திரைக்கு வந்தன. பலர் முயன்று கைவிட்ட 'பொன்னியின் செல்வன்' மணிரத்னத்தின் கையால் 2022-லும் 2023-லும் இரு படங்களாக வெளிவந்து, முதற் படம் நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. குந்தவை பொருத்தமா, நந்தினி பொருத்தமா என்று நம் மாணவர் இன்றும் வாதிடுகின்றனர். கர்நாடகம் இருந்திருப்பின் யாருக்கு முதலிடம் தந்திருப்பாரோ அறியோம். ஒருகால் ஏதேனும் ஒரு குதிரைக்குத் தந்திருப்பார்.