நுண்ணுயிரைக் கண்ட துணி வணிகர்

நீரைத் துணியால் வடித்தே பருகுதல் வேண்டும் என்பது நம் சாவக ஒழுக்கங்களுள் ஒன்று. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் யாண்டும் உள்ளன என்பதே அதன் அடிப்படை. நீரில் வாழும் நுண்ணுயிர்களை ஆடியின் துணைகொண்டு கண்டு உலகிற்கு அறிவித்தவர் ஒரு துணி வணிகர் என்பது வியப்பன்றோ! அவரே ஆண்டனி வான் லீவன்ஹுக்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632 அக்டோபர் 24 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கூடை முடைபவர். மைந்தரின் இளம்பருவத்திலேயே அவர் காலமானார். பதினாறாம் அகவையில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணி வணிகம் பயின்ற லீவன்ஹுக், 1654 இல் ஊர் திரும்பி, மணம் புரிந்து, சொந்தக் கடை திறந்தார். மக்கள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்தாள். பல்கலைக்கழகக் கல்வியோ இலத்தீன் புலமையோ அவருக்கு இல்லை. தாய்மொழியாகிய டச்சு ஒன்றே அவர் அறிந்தது.

அவர் தம் கையாலேயே உருப்பெருக்கிகளைச் செய்தார். இரு சிறு உலோகத் தகடுகளுக்கிடையே ஒரே ஒரு நுண்ணிய ஆடி. எதிரே பொருளைத் தாங்கும் ஊசி முனை. இன்று எஞ்சியுள்ளவற்றுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுவது.

1674 இல் ஏரி நீர்த்துளி ஒன்றில் நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டார். மிளகின் காரத்திற்குக் காரணம் அறிய விழைந்து, அதனை நீரில் ஊறவைத்து 1676 இல் நோக்கியபோது, அவற்றினும் மிகச் சிறியவை தென்பட்டன. அவையே பாக்டீரியாக்கள். இலண்டன் ராயல் சொசைட்டிக்கு இதனை எழுதினார். அறிஞர் பலர் ஐயுற்றனர். அவர் சினங்கொள்ளவில்லை, ஊர்ப் பெரியோர் சிலரை அழைத்துக் காட்டி, அவர்தம் சான்றுரைகளை அனுப்பினார். 1677 நவம்பரில் இராபர்ட் ஹூக் தாமே சோதித்து உண்மை கண்டார். 1680 இல் அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1683 இல் தம் பல்லிடுக்கு அழுக்கிலும் உயிர்கள் மலிந்திருப்பதை அறிவித்தார். ஐம்பது ஆண்டுகள் மடல்கள் எழுதிக்கொண்டே இருந்து, 1723 ஆகஸ்ட் 26 அன்று தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். ஆடி செய்யும் நுட்பத்தை மட்டும் அவர் எவருக்கும் வெளியிடவில்லை. அவருடைய ஆற்றல் மிக்க ஆடி ஒன்று, உருக்கிய கண்ணாடி மணியால் ஆனது என்பது 2021 இல்தான் நியூட்ரான் ஆய்வால் தெளிவாயிற்று.

அன்பர்களே, நம் ஆகமம் கூறும் நிகோத ஜீவன்களையே லீவன்ஹுக் கண்டார் என நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ஓர் உடலில் அளவிறந்த உயிர்கள் உறையும் நிகோதம் வேறு. ஆடியில் தெரிந்த பாக்டீரியா வேறு. இரண்டையும் ஒன்றெனச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அறிவியலுக்கும் நேர்மை செய்தவராகோம். சமயத்திற்கும் பெருமை சேர்த்தவராகோம். பாக்டீரியாக்கள் நம் வடிதுணியின் இழைகளினூடே நழுவிச் செல்வன என்பதும் மெய்யே. துணி தடுப்பது அதனினும் பெரிய உயிர்களை மட்டுமே.

லீவன்ஹுக் உயிர்களைக் காக்க நோன்பு பூண்டவரல்லர், அறிய விழைந்தவர். அவருடைய சோதனைகளில் அவை மடிந்ததும் உண்டு. அறிதல் வேறு, அருளுதல் வேறு. எனினும், கண்டதைக் கண்டவாறே உரைத்தலும், ஐயுற்றோரை அழைத்துக் காட்டுதலும் வாய்மையின் பாற்பட்டவை. அவ்வாய்மையை அவரிடம் கற்போம். காணாத உயிர்க்கும் அஞ்சி நடக்கும் அருளை நம் முன்னோரிடம் கற்போம். இரண்டும் கூடிய இடத்திலேதான் அஹிம்சை முழுமை பெறும்.