சம்பளம் வாங்காத ஆசிரியர்

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மைப் போன்ற இளைஞர்க்கு மூன்று கவலைகள் உண்டு. கையில் காசு தங்குவதில்லை. படிப்பு முடிந்தபின் என்ன வேலை என்பது தெளிவாவதில்லை. மேலே இருப்பவர் நியாயம் தவறினால் எப்படி எதிர்த்துப் பேசுவது என்பதும் புரிவதில்லை. இம்மூன்றையும் ஒருங்கே சந்தித்தவர் ஜகதீச சந்திர போஸ். செடிகொடிகளை ஆராய்ந்தவர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர் வேலைக்குச் சேர்ந்த கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. ஆயினும் மகனை முதலில் வங்காளிப் பள்ளியில் சேர்த்து, மீனவர் மகனுக்கும் பணியாள் மகனுக்கும் அருகே உட்கார வைத்தார். பின்னர், போஸ் மருத்துவம் கற்க லண்டன் சென்றார். காய்ச்சல் விடாமல் வாட்டவே, அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் பயின்றார். தொடங்கிய துறையை மாற்றியவர் தோற்றவர் ஆகிவிடுவதில்லை.

1885-இல் கல்கத்தாப் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். அக்காலத்தில் வெள்ளையர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியர்க்கு. அவருடையது தற்காலிகப் பதவி என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. போஸ் பதவியைத் துறக்கவில்லை; யாரையும் ஏசவுமில்லை. வகுப்புகளைக் குறைவின்றி நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். இப்படி மூன்று ஆண்டுகள் கழிந்தன.

வசதி படைத்தவரின் வீம்பு இது என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டுத் தொழில்களை வளர்க்க முயன்று தந்தை பெருங்கடனில் மூழ்கியிருந்தார். 1887-இல் போஸ் மணந்த அபலா அம்மையார், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். வாடகை குறைவு என்பதால் இருவரும் சந்தன்நகரில் குடியிருந்தனர். ஹூக்ளி ஆற்றைப் படகில் கடந்துதான் கல்லூரிக்கு வரவேண்டும்.

கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. பதவி முன்தேதியிட்டு நிரந்தரமாயிற்று. மூன்றாண்டு முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. அது தந்தையின் கடனை அடைக்கச் சென்றது. முன்பு மறுப்புச் சொன்ன கல்வி இயக்குநர் கிராப்டும், முதல்வர் டானியும் பின்னாளில் அவருக்கு நண்பர்கள் ஆனார்கள். அவருடைய எதிர்ப்பில் பகை இல்லாததே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

1894-இல் ஆராய்ச்சி தொடங்கியது. தகரவேலை செய்பவர் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்துகொண்டார். மில்லிமீட்டர் நீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். கம்பி இல்லாமலே அவை தொலைவில் மணியை அடித்தன. கலீனாக் கனிமத்தால் ஆன அவரது அலைவாங்கிக்கு, நண்பர்கள் வற்புறுத்தியதால், 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைக் கொண்டு அவர் காசு தேடவில்லை. இதில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வருவாய் இன்னொரு ஆய்வுக்கூடத்தை எழுப்பியிருக்கலாம்.

தாவரங்களிலும் மின்துடிப்பு உண்டு என்றபோது, 1901-இல் லண்டன் உடலியல் அறிஞர்கள் மறுத்தனர். அவர் மேலும் சோதனைகளைச் செய்து 1902-இல் நூலாக வெளியிட்டார். ராயல் சொசைட்டி 1920-இல் அவரை உறுப்பினராக்கிற்று. தாவரங்களில் மின் சைகைகள் உண்டென்பது இன்று உறுதி. ஆனால் அவற்றை நரம்பு என்று அவர் கொண்டதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. 1917-இல் தம் சேமிப்பையும் இட்டு ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1937-இல் மறைந்தார்.

நண்பர்களே, மூன்றாண்டுச் சம்பளத்தைத் துறக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? என்னால் மூன்று மாதமும் முடியாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் கிடைத்ததை வாங்கிக்கொள்வதில் இழிவில்லை. ஆனால் குறை சொல்லுமுன் நம் வேலையில் குறை இல்லாதபடி பார்த்துக்கொள்ள எல்லோராலும் முடியும். எதிர்ப்பவரை நாளை நண்பராக்கும் வழியைத் திறந்து வைக்கவும் முடியும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.