ஒரு கதை எழுதி முடிக்க 43 ஆண்டு!

ஒரு கதையை எழுதி முடிக்க எவ்வளவு காலம் ஆகும்?

சிலருக்கு ஒரு மாதம் போதும். சிலருக்கு ஓர் ஆண்டு ஆகலாம். ஒருவருக்கு 43 ஆண்டு ஆயிற்று!

எழுதத் தொடங்கியபோது அவர் இளைஞர். முடித்தபோது எழுபதை எட்டிய கிழவர். இடையில் ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில் இருந்து தப்பினார். அயல்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். கதை மட்டும் முடியாமலே கிடந்தது.

அவர் பெயர் சிரிலோ வில்லாவெர்டே. கியூபா நாட்டுக்காரர். அடிமைகளின் கண்ணீரைக் கதையாக எழுதியவர்.

கரும்புத் தோட்டம்

கியூபா, அமெரிக்காவுக்குத் தெற்கே கரிபியன் கடலில் உள்ள தீவு. கரும்பும் புகையிலையும் விளையும் மண். அந்தக் காலத்தில் அது ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது.

தீவின் மேற்குப் பகுதியில் சான் டியாகோ டி நூனெஸ் என்று ஓர் ஊர். அங்கே 1812-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வில்லாவெர்டே பிறந்தார். அவருடைய தந்தை ஒரு டாக்டர். கரும்புத் தோட்டத்து நோயாளிகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை.

தோட்டத்தில் பாடுபட்டவர்கள் யார்? கூலியாட்கள் அல்ல, அடிமைகள்! ஆப்பிரிக்காவில் பிடித்து, கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து, சந்தையில் மாடு விற்பதுபோல் விற்கப்பட்டவர்கள். அடிமைக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையும் எஜமானுக்குச் சொத்து.

வெட்டிய கரும்பை உடனே பிழிய வேண்டும். காலம் தாழ்த்தினால் சாறு கெட்டுவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். அடிமைகளுக்குத் தூக்கம் ஏது? அசந்தால் சவுக்கடி. சிறுவன் வில்லாவெர்டே இதையெல்லாம் பார்த்து வளர்ந்தார்.

கள்ளக் கப்பல்

ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று ஸ்பெயினும் இங்கிலாந்தும் 1817-ல் ஒப்பந்தம் செய்தன. 1820-ல் தடை அமுலுக்கு வந்தது.

ஆனால் தடை ஏட்டில்தான் இருந்தது. சர்க்கரைக்கு நல்ல விலை. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். கள்ளக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அதிகாரிகள் கையூட்டு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். 1841-ல் கியூபாவில் மக்கள்தொகை கணக்கெடுத்தார்கள். மொத்தம் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் 4 லட்சத்து 36 ஆயிரம் பேர் அடிமைகள்!

கொடுமை தாங்காமல் சிலர் மலைக்காட்டுக்கு ஓடிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்கவே வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். நாய்களை ஏவி மனிதர்களை வேட்டையாடுவதுதான் அவர்கள் தொழில். பிரான்சிஸ்கோ எஸ்தெவெஸ் என்ற வேட்டைக்காரனின் நாட்குறிப்பு வில்லாவெர்டேயின் கைக்கு வந்தது. அதை அவர் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் முயற்சி

வில்லாவெர்டே தலைநகரான ஹவானாவுக்குப் போய்ச் சட்டம் படித்தார். வக்கீல் தொழில் பிடிக்கவில்லை. ஆசிரியரானார். பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார்.

1839-ல் "செசிலியா வால்டெஸ்" என்ற நாவலின் முதல் பாகம் வெளிவந்தது. செசிலியா ஓர் ஏழைப் பெண். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த வம்சத்தில் வந்தவள். பேரழகி.

ஆனால் அந்த முதல் பாகத்தில் அடிமைகளின் துயரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. கண்ணால் கண்டதை அவர் ஏன் எழுதவில்லை? எழுதினால் அச்சில் வராது! எல்லாவற்றையும் சர்க்காரின் தணிக்கை அதிகாரி படித்துப் பார்ப்பார். அடிமை முறையைக் குறை சொன்னால் அவ்வளவுதான். கதை பாதியில் நின்றது.

நள்ளிரவில் கைது

அப்போது நார்சிசோ லோபஸ் என்ற தளபதி ஸ்பெயின் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார். வில்லாவெர்டேயும் அதில் சேர்ந்தார். சதி வெளிப்பட்டுவிட்டது. 1848 அக்டோபரில், ஒருநாள் நள்ளிரவில், படுக்கை அறையிலேயே வில்லாவெர்டேயைப் போலீசார் கைது செய்தனர். விசாரணை நடந்து தண்டனையும் கிடைத்தது.

ஆனால் 1849 ஏப்ரலில் அவர் ஜெயிலில் இருந்து மாயமானார். சாவி வைத்திருந்த காவலாளியே அவருக்கு உடந்தை! பாய்மரக் கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் தங்கி, லோபசுக்குச் செயலாளராக வேலை பார்த்தார். ஒற்றை நட்சத்திரம் கொண்ட கியூபாவின் கொடி அங்கேதான் உருவானது. அது உருவானபோது வில்லாவெர்டேயும் உடன் இருந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். லோபஸ் கூட்டத்தார் கியூபாவை அமெரிக்காவுடன் இணைக்க விரும்பினார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்போது அடிமை முறை இருந்தது. அதனோடு சேர்ந்தால் தங்கள் அடிமைகள் கைவிட்டுப் போகமாட்டார்கள் என்று பல தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். அடிமைகளுக்காகப் பின்னாளில் கண்ணீர் விட்ட எழுத்தாளர், அன்று அந்த முதலாளிகளுடன் ஒரே அணியில் நின்றார்!

1851-ல் லோபஸ் ஹவானாவில் கொல்லப்பட்டார். கூட்டம் சிதறியது.

மனம் மாறியது

1855-ல் வில்லாவெர்டே, எமிலியா கசனோவா என்ற கியூபாப் பெண்ணை மணந்தார். எமிலியா தீவிர தேசபக்தை. 1858-ல் பொதுமன்னிப்பில் ஊருக்குத் திரும்பிய வில்லாவெர்டே, 2 ஆண்டு கழித்து மீண்டும் நியூயார்க் வந்துவிட்டார்.

1868 அக்டோபர் 10-ந் தேதி கியூபாவில் ஒரு பெரிய நிகழ்ச்சி. செஸ்பெடஸ் என்ற தோட்ட முதலாளி, தன் அடிமைகளை எல்லாம் விடுதலை செய்துவிட்டு, ஸ்பெயினை எதிர்த்துப் போர்க்கொடி தூக்கினார். 10 ஆண்டு போர் மூண்டது. எமிலியா நியூயார்க்கில் பெண்கள் சங்கம் அமைத்துப் போருக்குப் பணம் திரட்டினார். வில்லாவெர்டேயும் பழைய எண்ணத்தை விட்டுவிட்டார். அமெரிக்காவுடன் இணைப்பு வேண்டாம், முழு சுதந்திரமே வேண்டும் என்று எழுதினார்.

போர் 1878-ல் தோல்வியில் முடிந்தது. அதன்பின் அவர் பழைய நாவலைக் கையில் எடுத்தார். இப்போது தணிக்கை அதிகாரி இல்லை. தடுக்க ஆள் இல்லை. 1882-ல் முழு நாவலும் நியூயார்க்கில் வெளிவந்தது.

தாய்ப்பாலுக்குத் தடை

கதை 1812-ல் தொடங்கி 1831 வரை நடக்கிறது. கம்போவா என்ற பணக்காரர், கள்ளத்தனமாக அடிமைகளைக் கொண்டுவந்து விற்பவர். அவருக்கு ரகசியமாகப் பிறந்த மகள்தான் செசிலியா. அவருடைய சொந்த மகன் லியனார்டோ. இருவரும் காதலிக்கிறார்கள். தாங்கள் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்பது இருவருக்கும் தெரியாது!

அந்த ரகசியத்தை அறிந்தவள் ஓர் அடிமைத் தாய். பெயர் மரியா. குழந்தை செசிலியாவுக்குப் பால் கொடுத்தவள் அவள்தான். பிறகு எஜமானியின் குழந்தைக்கும் பால் கொடுக்கிறாள். தன் சொந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்பது எஜமானியின் கட்டளை. பெற்ற மனம் கேட்குமா? இரவில் யாருக்கும் தெரியாமல் தன் பிள்ளையையும் மார்போடு அணைத்துக்கொள்கிறாள். பிடிபடுகிறாள். தண்டனையாகத் தூரத்துக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்படுகிறாள்.

பெரிய மனிதர்களையும் வில்லாவெர்டே விடவில்லை. அந்நாளில் கியூபாவை ஆண்ட விவெஸ் என்ற உண்மையான கவர்னரே கதையில் வருகிறார். கோழிச் சண்டையில் பெரும் பிரியம் கொண்டவர். பிடிபட்ட அடிமைக் கப்பலை மீட்க, முதலாளிகள் அவரிடம் பணத்தோடு போகிறார்கள். அடிமைகள் ஆப்பிரிக்காவில் இருந்து வரவில்லை, பக்கத்துத் தீவில் இருந்துதான் வந்தார்கள் என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

முடிவு பயங்கரம். லியனார்டோ வேறொரு பணக்காரப் பெண்ணை மணக்கப் போகிறான். செசிலியா கொதிக்கிறாள். அவளை உயிராக நேசித்த ஓர் இசைக் கலைஞன், மாதா கோவில் வாசலில் மாப்பிள்ளையைக் குத்திவிடுகிறான். செசிலியா அடைக்கப்பட்ட இடத்தில் ஒரு பைத்தியக்காரியைச் சந்திக்கிறாள். அவள்தான் செசிலியாவைப் பெற்ற தாய்!

நினைத்தது நடந்தது

நாவல் வெளிவந்து 4 ஆண்டில், 1886-ல், கியூபாவில் அடிமை முறை அடியோடு ஒழிந்தது. அதைக் கேட்கும் பாக்கியம் வில்லாவெர்டேக்குக் கிடைத்தது. சுதந்திரக் கியூபாவைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. 1894 அக்டோபரில் நியூயார்க்கில் காலமானார். கியூபாவின் பெருங்கவிஞரும் விடுதலைத் தலைவருமான ஹோசே மார்த்தி, தம் பத்திரிகையில் அவருக்கு அஞ்சலி எழுதினார்.

1902-ல் கியூபா குடியரசு ஆயிற்று. வில்லாவெர்டே உடன் இருந்து உருவான ஒற்றை நட்சத்திரக் கொடியே தேசியக் கொடியாகப் பறந்தது. 1932-ல் அவர் நாவல் இசை நாடகம் ஆயிற்று. பின்னர் சினிமாவாகவும் வந்தது.

கதையில் கொலை நடந்த அந்தக் கோவில் ஹவானாவில் இருக்கிறது. அதன் எதிரே உள்ள சிறு சதுக்கத்தில் ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது. செசிலியாவின் சிலைதான் அது.

கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 7 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயரைக்கூட இன்று யாரும் அறியார். தன் பிள்ளைக்கு இரவில் ஒளிந்து பால் கொடுத்த ஒரு தாயின் கதை மட்டும் நிலைத்துவிட்டது. அதை எழுதத்தான் ஒரு மனிதர் 43 ஆண்டு காத்திருந்தார்.