இராஜாஜியும் வட ஆற்காட்டு மதுவிலக்கும்

வேலூரை அடுத்த தொரப்பாடியில் நெடுமதில் சூழ நிற்கும் மத்தியச் சிறைச்சாலையை அறியாத மாணவர் நம்முள் இரார். 1921 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஒத்துழையாமை இயக்கத்திற் சேர்ந்த குற்றத்திற்காக மூன்று திங்கள் தண்டனை பெற்று, சேலத்து வக்கீல் ஒருவர் அதனுட் புகுந்தார். அங்கு அவர் எழுதிய நாட்குறிப்புப் பின்னர் நூலாக வெளிவந்தது. அவரே சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். 1878 டிசம்பர் 10 ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர் தொரப்பாடிக்கு வந்து சேர்ந்தமை பெயரளவில் ஒரு வேடிக்கையே.

அவர் வக்கீல் தொழிலில் அடைந்த புகழும், சேலம் நகரசபைத் தலைவராய் இருந்து ஆற்றிய பணியும் பலர் அறிந்தவை. ஆதலின் ஈண்டு விரித்திலம். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டார். உழைத்த கூலி வீடு சேராது கடையிலேயே ஒழிவதை அச்சிற்றூர்களில் நேரிற் கண்டு வருந்தினார். மதுவிலக்கிற்கென்றே 1929-ல் ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். கல்கி அதற்குத் துணை நின்றார். பத்து இதழ்களோடு அது நின்றது, எண்ணம் நிற்கவில்லை.

1937-ல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கள்ளிலும் சாராயத்திலும் வந்த காலம் அது. எனினும் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவிற் கடைகளை மூடினார். அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும், 1939 அக்டோபரில் நம் வட ஆற்காடும் தொடர்ந்தன. இழந்த வருவாயை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரி பிறந்தது. கடையை மூடினால் மட்டும் போதாது, குடித்துப் பழகியவனுடைய மாலைப்பொழுதுக்கு வேறு வழி வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். ஆகவே பஜனை, விளையாட்டு, தேநீர் முதலியன ஊர்தோறும் ஊக்குவிக்கப்பட்டன.

ஆயினும் மூடிய கடையின் பின்வாயிலாகக் கள்ளச்சாராயம் வருமே! நம் ஜில்லாவில் அது தனித்தன்மை வாய்ந்த இடர். ஊறல் போடுவதற்கு வேண்டுவன வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் ஆகியவை. கடுக்காயோ ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளில் ஆவாரம்பட்டையோடு மூட்டை மூட்டையாய்க் கிடந்த பொருள். வெல்லமோ வீடுதோறும் உள்ளது. இவற்றை விற்பது குற்றம் என எச்சட்டம் சொல்ல இயலும்? ஜவ்வாது மலைக் காடுகளில் ஊறற் பானையை ஒளிப்பது எளிது. ஊரார் மனம் வைத்தாலன்றிக் காவலர் கண்டுபிடிப்பது அரிது.

அம்மனத்தைப் பண்படுத்த ஆச்சாரியாருக்குக் காலம் வாய்க்கவில்லை. போர் காரணமாக அவர்தம் மந்திரிசபை 1939 அக்டோபர் இறுதியிலேயே பதவி துறந்தது. வட ஆற்காட்டு மதுவிலக்கை அவர் ஆட்சியிலிருந்து பார்த்தது ஒரே திங்கள்! 1944-ல் கவர்னரின் ஆலோசகர் ஆட்சி அதனை நிறுத்திற்று. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது அவர் கவர்னர் ஜெனரலாய் டில்லியில் இருந்தார்.

அவரிடம் ஒரு குறை சொல்லலாம். சட்டத்தின் ஆற்றலை அவர் சற்று மிகையாக நம்பினார் என்பது நம் கருத்து. பானையருகில் அகப்படுபவன் ஏழை. பணம் போட்டவன் அகப்படுவது அருமை. ஆனால் கடைகளைத் திறந்துவிட்டாற் கள்ளச்சாராயம் ஒழியும் என்போர்க்கும் விடை உண்டு. அரசுக் கடைகள் திறந்திருக்கும்போதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

1971-ல் மதுவிலக்கை நீக்க அரசு முற்பட்டபோது ஆச்சாரியாருக்கு வயது 92. கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லம் சென்று, வேண்டாம் என வேண்டினார். பயன் விளையவில்லை, ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கு நீங்கியது. 1972 டிசம்பர் 25 ஆம் நாள் அவர் மறைந்தார். 1974-க்குள் அவ்வரசே கள், சாராயக் கடைகளை மீண்டும் மூடியது. அதனைக் காண அவர் இல்லை.