பசித்திருந்து பசி தீர்த்த மகான்

உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் நகரில் 13-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா. இளமையிலேயே தந்தையை இழந்த அவரை அன்னை பீபி சுலைகா வறுமையில் வளர்த்தார். வீட்டில் உணவில்லாத நாளில், அன்று தாங்கள் இறைவனின் விருந்தினர் என்று அன்னை மகனைத் தேற்றுவார். அடுத்தடுத்துச் சில நாட்கள் உணவு கிடைத்துவிட்டால், அந்த விருந்து மீண்டும் என்று வருமோ என அச்சிறுவன் ஏங்குவானாம்.

ஏறத்தாழ இருபது வயதில் அஜோதன் சென்று பாபா ஃபரீதைக் குருவாக ஏற்றார். பின்னர் டெல்லியை அடுத்து யமுனைக் கரையிலிருந்த கியாஸ்பூரில் தங்கினார். அன்பர்களின் காணிக்கைகள் அங்கே குவிந்தன. அவையனைத்தும் நாள்தோறும் ஏழைகளுக்கு உணவாயின. வெள்ளிக்கிழமைகளில் களஞ்சிய அறைகளைக் காலிசெய்து பெருக்கிய பின்னரே அவர் தொழுகைக்குச் செல்வார். சுல்தான்களின் அவையை மட்டும் அவர் நாடியதே இல்லை.

ரமலான் நோன்பும், ஸகாத் எனும் கட்டாய ஈகையும் இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளில் அடங்கும். இருநூறு வெள்ளி நாணயம் சேர்த்துவைத்திருப்பவர் ஆண்டுக்கு ஐந்தைக் கொடுக்கவேண்டும். இது சட்டம் விதிக்கும் ஸகாத் என்று விளக்கிய மகான், அதற்குமேல் இரு படிகளையும் காட்டினார். ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுப்பது ஆன்மிகப் பாதையில் நடப்பவரின் ஸகாத். ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் கொடுப்பது மெய்ம்மையை உணர்ந்தவரின் ஸகாத். இவ்வுரையைச் சீடர் அமீர் ஹசன் தமது 'ஃபவாயிதுல் ஃபுவாத்' நூலில் பதிவு செய்துள்ளார்.

ரமலானில் மட்டுமன்றி ஆண்டின் பெரும்பாலான நாட்களிலும் மகான் நோன்பிருந்தார். விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவை எதிரே வைத்தால், ஓரிரு கவளத்துக்குமேல் இறங்காது. மசூதி மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் பசியோடு உறங்குவோரை எண்ணிக் கண்ணீர் பெருகும். பிறர் பசியை அறியவே அவரது பசி பயன்பட்டது.

1325-இல் இறுதி நெருங்கியபோது, இருப்பனைத்தையும் வழங்கிவிடுமாறு பணித்தார். ஆசிரமவாசிகளுக்கென்று பணியாளர் இக்பால் சிறிது தானியத்தை ஒதுக்கிவைத்திருந்தார். அதையறிந்து வருந்திய மகான் ஏழைகளை அழைத்து, களஞ்சியத்தைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் செய்தார். தரையையும் பெருக்கச் சொன்னார். மூன்றாம் ஸகாத்தை அவர் தமது வாழ்வாலேயே நிறைவேற்றினார்.