கப்பலுக்குப் பின் மளிகைக் கடை
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காவலூர் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே வானத்தை நினைக்கிறார்கள். ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் ஊரில் 1968-இல் வானாய்வுப் பணி தொடங்கியது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியும், அதை உருவாக்கப் பாடுபட்ட அறிஞர் வைணு பாப்புவின் பெயரும் 1986-இல் ஊருக்கு உரியவையாயின. எனவே இயற்பியல் மாணவனாகிய நான் இந்த ஆண்டு மலருக்கு விண்மீன்களைப் பற்றி எழுதுவேன் என்றே என் நண்பர்கள் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்று என்னை மண்ணை நோக்கித் திருப்பிவிட்டது. அதைச் சொல்லிவிட்டே, நான் எழுத விரும்பும் பெரியவரிடம் வருகிறேன்.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பத்தொன்பதாம் வயதில் மலையிறங்கி, கீழே ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தோலைத் தைக்கும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தார். கடைசி ஒன்பது ஆண்டுகள் மேஸ்திரி. ஊரிலும் அவருக்கு அதுவே பெயராயிற்று. ஒரு நாள் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டது. அது மறுபடியும் திறக்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தார். இளைஞர்களைத்தான் எடுப்போம் என்று திருப்பியனுப்பிவிட்டார்கள்.

வேலை போன பிறகும் அவர் விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து, முதல் பேருந்துக்குப் போகிறவர்போல் குளித்து முடித்துவிடுவார். பேருந்து ஆலங்காயத்துக்குப் போய்விடும். அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். வீட்டு முன்பக்கத்தில் ஒரு மளிகைக் கடை வைக்கலாம் என்று அம்மா பலமுறை சொன்னார். மேஸ்திரி என்று அழைத்தவர்களுக்கு உப்பும் புளியும் நிறுத்துக் கொடுப்பதா என்று அப்பா மறுத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் தமிழ் மன்றப் பேச்சுப் போட்டிக்காகக் கல்லூரி நூலகத்திலிருந்து வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்தேன். இரவில் உரக்கப் படித்துப் பயிற்சி செய்தேன். திண்ணையில் இருந்த அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கப்பல் ஓட்டிய கதை அவருக்கு முன்பே தெரியும். 1961-இல் வெளிவந்த திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். ஆனால் சிறையிலிருந்து வெளிவந்த பிறகு அந்தப் பெரியவர் எப்படிப் பிழைத்தார் என்பது அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியாது.

வளமான நாட்கள்

சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை ஒரு வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். சிதம்பரனார் சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பின்னர் சட்டம் பயின்று 1895-இல் வழக்கறிஞரானார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தொழில் செழித்தது. ஏழைகளுக்குக் கட்டணமின்றி வாதாடினார் என்றாலும் குடும்பத்தில் குறைவில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தவர் சிதம்பரனார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன.

1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். ஆட்சியாளர்கள் பொறுக்கவில்லை. மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரு குற்றங்களுக்கும் இருபது இருபது ஆண்டுகளாகத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. கோவைச் சிறையில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுழற்றிக் கையின் தோல் உரிந்தது. பின்னர் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். 1910-இல் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார்.

நம்மில் பலருக்குத் தெரிந்த வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பெரியவரோ அதன் பிறகும் இருபத்துநான்கு ஆண்டுகள் உயிர்வாழ வேண்டியிருந்தது. அவருக்கும் பசித்தது. அவர் பிள்ளைகளுக்கும் பசித்தது.

நாற்பது வயதில் வேலையில்லாதவர்

வெளியே வந்தபோது அவருக்கு வயது நாற்பது. சிறை வாயிலில் அவரை வரவேற்கத் திரளான கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனி அவர் சிறையில் இருந்தபோதே, 1911-இல், கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது பறிபோயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் சோறு போட்ட தொழிலை அவர் இனிச் செய்ய முடியாது. சொத்துகள் கரைந்துவிட்டன. தண்டனைச் செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்துவிட்டார். சொந்த மாவட்டத்துக்குத் திரும்பவும் வழியில்லை. மனைவி மீனாட்சி அம்மாளோடும் குழந்தைகளோடும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

என்ன செய்வது? சட்டம் தவிர அவருக்குத் தெரிந்தது வாணிகமும் தமிழும்தான். சென்னையில் மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெயும் விற்றார். இரண்டு கப்பல்களைக் கடலில் விட்டவர், எண்ணெயை அளந்து ஊற்றிக் காசு வாங்கினார்.

இந்த இடத்தை நான் படித்தபோது அப்பா எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். கடை ஓடியதா என்று கேட்டார். ஓடவில்லை, போதிய வருமானம் வரவில்லை என்று புத்தகத்தில் கண்டதைச் சொன்னேன். தேற்றுவதற்காகப் பொய் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. ஆனால் அப்பா முகத்தில் வருத்தம் தெரியவில்லை. அடுத்து என்ன செய்தார் என்று படிக்கச் சொன்னார்.

அடுத்து அவர் செய்தவை பல. சிறையில் இருந்தபோதே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கியிருந்தார். சென்னையில் இருந்தபோது 'மெய்யறம்' என்னும் நூலை 1914-இல் வெளியிட்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையை 1917-இல் பதிப்பித்தார். ஒருபுறம் அரிசி, எண்ணெய்க் கணக்கு. மறுபுறம் சுவடிகளும் உரைகளும். தொழிலாளர் சங்கப் பணிகளையும் விடவில்லை. வேலை போயிற்று, ஆனால் உழைக்கும் பழக்கம் போகவில்லை.

347 ரூபாய் 12 அணா

அவருடைய வறுமையை அறிந்து தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் உதவினார்கள். அவர்கள் சிதம்பரனாருக்காகத் திரட்டிய ஒரு தொகை காந்தியடிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. காந்தியடிகள் 1915-இல் தாயகம் திரும்பினார். அந்தப் பணம் குறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. யார் கொடுத்தது, எவ்வளவு என்ற விவரங்கள் உடனே கிடைக்காததால் பணம் வந்து சேரத் தாமதமாயிற்று. இறுதியில் 1916-இல்தான் கைக்கு வந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். தன்மானத்தில் மலையென நின்றவர் அவர். எனினும் தமக்கு உரிய உதவியைக் கேட்டுக் கடிதம் எழுத அவர் கூசவில்லை. குடும்பம் துன்பப்படுகிறது என்பதை மறைக்கவுமில்லை. வறுமையை ஒளித்து வைப்பதுதான் மானம் என்று நாம் நினைக்கிறோம். எங்கள் வீட்டில் எட்டு மாதம் அப்படித்தான் நினைத்தோம். ரேஷன் கடை வரிசையில் தெரிந்தவர்களைக் கண்டால் நானே தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன்.

மீண்டும் ஒரு தொழில், மீண்டும் பழைய தொழில்

சென்னையில் காலூன்ற முடியாத சிதம்பரனார் கோவைக்குச் சென்றார். அங்கே ஒரு வங்கியில் மேலாளராக வேலை பார்த்தார். வழக்கறிஞர், கப்பல் வணிகர், கடைக்காரர், இப்போது வங்கிப் பணியாளர். ஐம்பதை நெருங்கும் வயதில் பிறரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யக் கற்றுக்கொண்டார். அந்த வருமானமும் குடும்பத்துக்குப் போதவில்லை. எனவே தம் சன்னதைத் திருப்பித் தருமாறு விண்ணப்பித்தார். ஆங்கிலேய நீதிபதி வாலஸ் அதற்கு ஆவன செய்தார். அந்த நன்றியை மறவாமல் சிதம்பரனார் தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், தமக்கு நன்மை செய்த ஆங்கிலேயரின் பெயரைத் தம் வீட்டில் நிலைக்க வைத்தார். என்னே அவர்தம் பண்பு!

கோவில்பட்டியில் மறுபடியும் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். இதனால் பழைய செல்வம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். இடையில் கழிந்த ஆண்டுகளை எந்தச் சன்னதும் திருப்பித் தரவில்லை. ஆனாலும் அவர் தமிழ்ப் பணியை நிறுத்தவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். 1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாமே எழுதிய உரையை வெளியிட்டார்.

1936 நவம்பர் 18 அன்று தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர்நீத்தார். இறப்பதற்கு முன் எழுதிய உயிலில், ஜவுளிக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் தாம் தர வேண்டிய பாக்கிகளைக் கூடக் குறித்து வைத்திருந்தார். நாடு அவருக்கு எவ்வளவோ கடன்பட்டிருந்தது. அவரோ தம் கடனை மட்டுமே எழுதி வைத்தார். அவர் நூற்றாண்டு விழாவுக்கு 1972-இல் அஞ்சல் தலை வந்தது. தூத்துக்குடித் துறைமுகம் 2011-இல் அவர் பெயரைப் பெற்றது. எல்லாம் சிறப்பே. ஆனால் அவர் கடை வைத்திருந்த நாளில் அங்கே போய் எண்ணெய் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்றுதான் என் மனம் கேட்கிறது.

திண்ணையில் ஒரு தையல் எந்திரம்

நான் பேச்சுப் போட்டியில் பரிசு பெறவில்லை. கப்பலைப் பற்றிப் பேசாமல் கடையைப் பற்றியே அதிகம் பேசிவிட்டேன் என்று நடுவர்கள் கருதியிருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் வேலை செய்தது.

சில நாட்கள் கழித்து அப்பா ஆலங்காயம் சென்று, பழைய தையல் எந்திரம் ஒன்றை விலை பேசி வாங்கி வந்தார். தடித்த துணியும் தோலும் தைக்கும் எந்திரம். அம்மா சொன்ன மளிகைக் கடையை அவர் வைக்கவில்லை. தமக்குக் கைவந்த தொழிலையே சிறியதாக்கித் திண்ணைக்குக் கொண்டு வந்தார். பள்ளிப் பிள்ளைகளின் பைகளைத் தைக்கிறார். அறுந்த செருப்புகளைச் சீர் செய்கிறார். மலையில் சாமையும் புளியும் கட்டும் சாக்குகளைக்கூடத் தைத்துக் கொடுக்கிறார். முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிகூட வருவதில்லை. சில காலை வேளைகளில் முதல் பேருந்தின் ஓசை கேட்டால் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்க்கிறார். அந்த வலி ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டீக்கடைக்கு இப்போது போகிறார். ஊரார் இன்னும் மேஸ்திரி என்றுதான் அழைக்கிறார்கள். அவர் கூசுவதில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் கவலையில்லை என்று நம் பெற்றோர் நம்புகிறார்கள். நாமும் நம்புகிறோம். சிதம்பரனாரின் தொழிலை ஒரே ஒரு தீர்ப்பு பறித்துவிட்டது. என் தந்தையின் தொழிலை ஒரு பூட்டு பறித்துவிட்டது. நாளை நமக்கும் நேரலாம். அவர்களிடமிருந்து பறிக்க முடியாமற் போனது கையும் கருத்தும் கற்றிருந்த வேலை ஒன்றுதான். நாற்பதிலும் ஐம்பதிலும் மறுபடி தொடக்க நிலையில் நிற்பது இழிவன்று. எந்தப் பெரிய தொழிலிலிருந்து எந்தச் சிறிய தொழிலுக்கு இறங்கினாலும் அந்த மனிதர் சிறியவராகிவிடுவதில்லை.

ஆனால் தைரியமாக இரு என்று வேலை இழந்தவருக்குச் சொல்வதோடு நம் கடமை முடியாது. அவர் தைரியமாக இருக்க வேண்டுமானால் அவருடைய கடை நடக்க வேண்டும். உங்கள் தெருவிலும் நடுவயதில் வேலையிழந்த ஒருவர் இருப்பார். இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று அவரைக் கேட்காதீர்கள். அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அங்கே போய் ஒரு படி அரிசியாவது வாங்குங்கள். காவலூர்ப் பக்கம் வந்தால் தொலைநோக்கியைப் பாருங்கள். அறுந்த பை இருந்தால் எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் கொண்டு வாருங்கள்.